கேட்டுத் தேர்ந்தவர்: பிலோமினா சேவியர்

ஜூன் 3, செவ்வாய்

பிளாஸ்டிக் குருணை விற்கும் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக அலமாரியில் கிடந்தது. இன்று எழுத ஆரம்பிக்கிறேன். ஆபீஸ் பதிவேட்டில் எழுத முடியாத அளவுக்குக் கோபம்.

பெங்களூர்க் கடை ஒன்றிலிருந்து கடம் இசைத்தட்டு மூன்று திரும்பி வந்திருக்கிறது. கூடவே ஒரு கடிதம். தட்டைச் சுழலவிட்டால் அப்பளம் பொரிக்கிற சத்தம் கேட்கிறதாம். அந்தத் தட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். உறையின் பின்பக்கம் கீழே சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும்: கேட்டுத் தேர்ந்தவர், பிலோமினா சேவியர். இந்தத் தொழிற்பேட்டையில் பம்பு செய்கிறார்கள், பிஸ்கட் டப்பா செய்கிறார்கள். எந்தப் பம்பிலும் அதைச் சரிபார்த்தவள் பெயர் கிடையாது.

மூன்றையும் போட்டுக் கேட்டேன். நான் பாட்டைக் கேட்பதில்லை. ஊசி இறங்கியதும் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஐந்தாறு நொடி வெறும் கோட்டில் ஓடும். அதைத்தான் கேட்பேன். தட்டு எந்தச் சரக்கில் செய்தது என்பதை அந்த ஐந்து நொடி சொல்லிவிடும். பாட்டு வந்துவிட்டால் பாதிக் குறையை அது மூடிவிடும். மூன்று தட்டிலும் ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

பதிவேட்டில் எழுதினேன்: "தட்டில் குறையில்லை. கடைக்காரர் தன் ஊசியைச் சுத்தம் செய்யவும்."

வீட்டில் சோறு குழைந்துவிட்டது. குக்கர் ஐந்து விசில் விட்டும் ஏன் அணைக்கவில்லை என்று சேவியர் கேட்டார். இரண்டுதான் விட்டது. முப்பது வருடம் மாநகரப் பேருந்து ஓட்டிய மனிதர், இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருந்த காது, எனக்கு விசில் எண்ணிக் காட்டுகிறது.

ஜூன் 5, வியாழன்

அழைப்பு மணி கெட்டுவிட்டது. சேவியரைப் பேட்டரி மாற்றச் சொன்னேன். போன வாரம்தான் மாற்றினேன் என்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

முதலாளி தனஞ்செயன் கூப்பிட்டார். அவருடைய அப்பா செருப்பு அடிப்பாகம் செய்தவர். அதே கொட்டகையில் ஒரு பாதியைச் சுத்தம் செய்து, வெளிநாட்டிலிருந்து பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வரவழைத்து, ஆறு வருடமாக இசைத்தட்டு போடுகிறார். நான் அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கேசட் கம்பெனியில் கேட்கும் அறையில் இருந்தேன். என்னைத் தேடி வந்து கூட்டிப் போனவர் அவர்தான். அதை நான் மறுக்கவில்லை.

கடம் தட்டு விஷயத்தைக் கேட்பார் என்று பதிலோடு போனேன். அவர் கேட்கவே இல்லை.

"விடுங்க மேடம். உங்க காது இருக்கும்போது எனக்கென்ன கவலை? பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு" என்றார்.

வீணை. சௌந்தரவல்லி அம்மாள் வாசித்தது. எழுபத்தொரு வயது, இதுவரை ஒரு பதிவுக்கும் சம்மதிக்காதவர். கல்பகா என்ற பெண் இரண்டு வருடம் பின்னாலேயே அலைந்து சம்மதிக்க வைத்து, ஒரு பழைய நூலக அறையில் வைத்துப் பதிவு செய்திருக்கிறாள். ஐந்நூறு தட்டு. முழுக்கப் புதுச் சரக்கு, நூற்றெண்பது கிராம் எடை என்று உறையிலேயே போட வேண்டும் என்கிறாள். என் பெயரும் வேண்டுமாம், இந்தத் தடவை கொஞ்சம் பெரிய எழுத்தில்.

சேவியரிடம் சொன்னேன். "பேரு பெருசா போட்டா சம்பளமும் பெருசா வருமா?" என்றார். அவருக்கு என்ன தெரியும்?

ஜூன் 14, சனி

கல்பகா போனில் பேசினாள். நூற்றெண்பது கிராம் என்றால் சத்தம் சுத்தமாக இருக்கும்தானே என்று கேட்டாள். எல்லோருக்கும் இந்த மயக்கம் இருக்கிறது. எடைக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? கனத்த தட்டு நெளியாது, கையில் எடுத்தால் கௌரவமாக இருக்கும், அவ்வளவுதான். ஊசி போவது தட்டின் மேல்தோலில். மாவு புளித்திருந்தால் இட்லியைப் பெரிதாக ஊற்றி என்ன பயன்?

புதுக் குருணை ஒரே சீராக உருகும், அச்சிலுள்ள கோட்டின் மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பும். அரைத்த சரக்கு அப்படி உருகாது. அரைத்தது என்றால், கழித்த தட்டுகளையும் வெட்டிய விளிம்புகளையும் பொடியாக்கி மறுபடி சேர்ப்பது. அதில் நடு வட்டத்தில் ஒட்டியிருந்த காகிதம் துணுக்குத் துணுக்காகக் கலந்து வரும். ஒவ்வொரு துணுக்கும் தட்டில் ஒரு பரு. ஊசி பருவில் ஏறி இறங்கும்போது சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம். தவிலுக்கு அது தெரியாது. வீணையில் தெரிந்துவிடும், அதுவும் சௌந்தரவல்லி அம்மாள் ஒரு மீட்டு மீட்டிவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கிற இடங்களில்.

இதையெல்லாம் சொன்னேன். "ஆன்ட்டி, நீங்க இருக்கீங்கன்னுதான் உங்க கம்பெனிக்கே வந்தேன்" என்றாள். லைன் சரியில்லை. மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

மாலையில் கேட்கும் அறைச் சுவரில் கை வைத்தபோது அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் அரவை இயந்திரம் ஓடுகிறது. எப்போதிருந்து என்று அச்சு போடும் நசீரைக் கேட்டேன். "காலைலேந்து ஓடுதேக்கா" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். கொட்டகையின் மறுபாதியில் இன்னும் நடக்கிற செருப்பு வேலைக்காக அரைக்கிறார்களாம்.

ஜூன் 20, வெள்ளி

வீணையின் சோதனைத் தட்டு வந்தது. வெள்ளை வட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அருமை. இந்த வேலையில் எனக்குப் பாட்டு ஞாபகம் இருப்பதில்லை. இன்று இரண்டாம் பக்கம் முழுவதும் உட்கார்ந்து கேட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சில் புதுச் சாமியார் வாய்க்குள்ளேயே பிரசங்கம் செய்கிறார். பூசை முடிந்ததும் அவரிடமே சொன்னேன். சேவியர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

ஜூன் 27, வெள்ளி

உற்பத்தி ஆரம்பம். ஐம்பதுக்கு ஒன்று எடுத்துக் கேட்கிறேன். எல்லாம் சுத்தம்.

ஜூன் 30, திங்கள்

இன்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

முந்நூறாவது தட்டு. முன் ஐந்து நொடியில் ஒன்றுமே இல்லை. அதுதான் உறுத்தியது. எவ்வளவு நல்ல தட்டிலும் மெல்லிய ஓர் இரைச்சல் இருக்கும், தூரத்து மழைபோல. ஆறு வருடமாக அதைக் கேட்டுத்தான் ஊசி இறங்கிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அது எங்கே போயிற்று? எப்போதிலிருந்து இல்லை?

தட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே ஒரு பரு. கடுகில் பாதி. விரலில் தட்டுப்பட்டது.

அந்த இடத்துக்கு நேரே விளிம்பில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். தட்டைச் சுழலவிட்டு ஊசியை அங்கே இறக்கினேன். புள்ளி ஊசியைத் தாண்டுகிறது. சத்தமில்லை. மறுபடி தாண்டுகிறது. சத்தமில்லை. பரு இருந்தும் சத்தம் வராத தட்டு உலகத்தில் கிடையாது.

நசீரைக் கூப்பிட்டேன். "ஒண்ணும் சொல்லாத, சும்மா நில்லு" என்றேன். மறுபடி ஊசியை இறக்கிவிட்டு, தட்டையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். புள்ளி ஊசியைத் தாண்டியது. அவன் இமை லேசாகச் சுருங்கியது. இரண்டு நொடி கழித்து மறுபடி தாண்டியது. மறுபடி சுருங்கியது. ஆறு சுற்று, ஆறு தடவை.

"என்னக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. போ."

போனான். நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, மீதித் தட்டுகளில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

தலைவலி என்று லீவு சொன்னேன். கேசட் கம்பெனியில் இருந்த காலத்து ஒலிச் சோதனைத் தட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. அடித்தொண்டையில் ஆரம்பித்து மேலே மேலே ஏறும் ஒற்றை ஒலி, கடைசியில் கொசு மாதிரி. சேவியரை எதிரே உட்காரவைத்து, கேட்கிறவரை கையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னேன். நானும் தூக்கினேன்.

பாதி வழியில் எனக்கு நின்றுவிட்டது. தட்டு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் கை அப்படியே இருந்தது.

"இறக்குங்க" என்றேன்.

"இன்னும் கேக்குதே."

"பொய் சொல்லாதீங்க."

"மாதா சத்தியமா கேக்குது பிலோ. இப்ப கொஞ்சம் சன்னமா."

கொஞ்ச நேரம் கழித்துக் கையை இறக்கினார். பேருந்து ஓட்டுநரிடம் தோற்றேன். அவர் என்னைக் கேலி செய்திருக்கலாம். செய்யவில்லை. அழைப்பு மணியில் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மெதுவாக என்றால், என் காதருகே குனிந்து சத்தமாக.

ஜூலை 2, புதன்

காது டாக்டர். கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்துச் சோதித்தார். தாளில் இரண்டு கோடு, இரண்டும் வலது பக்கம் போகப் போகப் படிக்கட்டில் உருண்ட மாதிரி இறங்குகின்றன. கீழ்ச் சத்தம் கேட்கும், மேல்சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. ஒரு நாளில் போனதில்லை, சில வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. கருவி மாட்டலாம் என்றார். யோசிக்கிறேன் என்றேன். கேட்கிற வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஜூலை 3, வியாழன்

நசீர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்தேன்.

"அரைச்சது செருப்புக்கு இல்ல. வீணைத் தட்டுக்குள்ள போகுது. எத்தன மூட்டைக்கு எத்தன?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு சொன்னான். "மூணு புதுசுக்கு ஒண்ணுக்கா. முதல்ல போட்ட டெஸ்ட் தட்டு மட்டும் முழுக்கப் புதுசு."

"கடம்?"

"அதுவும்தான்."

"எனக்குத் தெரிஞ்சிடும்னு சார் பயப்படலையா?"

அவன் எழுந்து கை கழுவப் போனான். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குப் புரியவில்லை. குழாயை மூடச் சொன்னேன்.

"மார்ச்ல சார் ஒரு தட்டு போடச் சொன்னாருக்கா. பாதிக்குப் பாதி அரைச்சது. வேணும்னே. உங்ககிட்ட கேக்கக் கொடுத்தாரு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. அப்புறந்தான் கலக்க ஆரம்பிச்சாரு. எனக்குச் சொல்ல வாய் வரல."

அந்தத் தட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. மார்ச் பதினொன்று. பதிவேட்டில் "மிக நன்று" என்று எழுதியிருக்கிறேன்.

காது போனது உடம்பு சம்பந்தப்பட்டது, அதற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் அது போனது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லாமல், என் செவிட்டுக் காதை ஒரு போர்வையாக எடுத்துத் தன் குப்பையின்மேல் போர்த்தியிருக்கிறார்.

ஜூலை 4, வெள்ளி

தனஞ்செயன் மறைக்கவில்லை. அதற்காகக்கூட அவரை மன்னிக்கத் தோன்றவில்லை.

"மேடம், உட்காருங்க. எல்லாப் பிளான்ட்லயும் கொஞ்சம் கலக்கத்தான் செய்றாங்க. வாங்குறவன் பாதிப் பேர் சுவத்துல மாட்டி வெக்கிறான்."

"உறைல முழுக்கப் புதுச் சரக்குன்னு அச்சடிச்சிருக்கு."

"அதுக்குக் கீழ உங்க பேரும் அச்சடிச்சிருக்கு." குரலை உயர்த்தாமல்தான் சொல்லியிருப்பார், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "உங்க காது விஷயம் வெளில வந்தா யாருக்கு மேடம் அசிங்கம்? நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. இனிமேலும் சொல்ல மாட்டேன். நீங்க பாட்டுக்குக் கையெழுத்துப் போடுங்க. எப்பவும்போல இருக்கலாம்."

அவர் பேச்சில் அன்புகூட இருந்தது. அதுதான் கொடுமை. மாதம் பிறந்தால் சம்பளம், உறையில் பெயர், எனக்குக் கேட்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு கையெழுத்து.

எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 5, சனி

துணி துவைத்தேன். மீன் கழுவினேன். பரணைச் சுத்தம் செய்தேன். சேவியர் எதுவும் கேட்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

சேவியரிடம் எல்லாம் சொன்னேன். "உனக்குக் கேக்கலன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் யாரு வேலை கொடுப்பா?" என்றார்.

"தெரியட்டும். செவிடி காதுல சங்கு ஊதுறதுன்னு ஊரே பேசட்டும். அந்தாளு என் காதுக்குள்ள குப்பை கொட்டினான்னும் சேர்த்துப் பேசுவாங்க இல்ல?"

சேவியர் எழுந்து உள்ளே போனார். பிறகு பேனா எடுத்து வந்து கொடுத்தார். கல்பகாவுக்கு எழுதியதை இங்கே ஒரு நகல் எடுத்துவைக்கிறேன்:

"அன்புள்ள கல்பகாவுக்கு. எனக்கு மேல்சத்தம் கேட்காது. டாக்டர் கொடுத்த தாளை இணைத்திருக்கிறேன். மார்ச் பதினொன்றிலிருந்து நான் கையெழுத்துப் போட்ட எந்தத் தட்டையும் நம்ப வேண்டாம். அதற்கு முன்னால் எத்தனை என்று எனக்கே தெரியாது. பெங்களூர்க் கடைக்காரரின் ஊசி சுத்தமாகத்தான் இருந்தது, அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். உன் வீணைத் தட்டில் நாலில் ஒரு பங்கு அரைத்த சரக்கு. இதை என் காது சொல்லவில்லை, கண் சொன்னது. நேரில் வா. பாட்டே இல்லாத வெறுங்கோட்டு அச்சு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் புதுச் சரக்கில் ஒன்று, கலந்ததில் ஒன்று போடச் சொல். இரண்டையும் நீயே கேள். என் பெயரை உறையிலிருந்து எடுத்துவிடு. பிலோமினா."

காலையில் தபாலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. தாள் இரண்டையும் போனில் படமெடுத்து அனுப்பிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

தனஞ்செயனிடம் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

"நாளைலேந்து வர வேணாம்" என்றார்.

"எழுத்துல கொடுங்க. என்ன காரணம்னும் எழுதுங்க."

எழுதவில்லை. எப்படி எழுதுவார்? காது கேட்காது என்று எழுதினால் எப்போதிருந்து தெரியும் என்ற கேள்வி வரும். எழுத்தில் வராதவரை நான் நிற்கப்போவதில்லை. போய்க் கேட்கும் அறையில் உட்கார்ந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக டியூப்லைட்டில் பார்த்தேன். ஆறு மணிவரை பார்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

கல்பகா வந்தாள். கூடவே சௌந்தரவல்லி அம்மாளும். இப்படிக் குள்ளமாக இருப்பார் என்று நினைக்கவில்லை.

நசீர் வெறுங்கோட்டுத் தட்டு இரண்டு போட்டுக் கொடுத்தான். தனஞ்செயனும் வந்து நின்றார். எது எது என்று சொல்லாமல் நானே வைத்தேன். முதல் தட்டில் மூவரும் சும்மா நின்றார்கள். இரண்டாவதில் ஊசி இறங்கியதும் கல்பகா தனஞ்செயனைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அப்புறம் முந்நூறாவது வீணைத் தட்டு. சௌந்தரவல்லி அம்மாள் ஒரு நிமிடம் கேட்டார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"நான் விட்ட எடத்துல எல்லாம் யாரோ பல்லைக் கடிக்கிறாளே" என்றார். "யாரு இதைக் கேட்டுப் பாஸ் பண்ணினது?"

தனஞ்செயன் என்னைப் பார்த்தார்.

"நான்தாம்மா. எனக்குக் கேக்காது" என்றேன். "கேக்காதுன்னு தெரிஞ்சேதான் இவர் என்கிட்ட கொடுத்தாரு."

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தனஞ்செயனை. "இவளுக்காவது காதுதான் போச்சு" என்றார்.

ஜூலை 19, சனி

ஐந்நூறும் கழிவு. எங்கேயும் விற்றுவிடக் கூடாது என்று கல்பகா ஒவ்வொரு தட்டையும் துளைபோடச் சொல்லிவிட்டாள். ஒன்றை மட்டும் துளைபோடும் முன் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரும்ப அச்சிடும்போது மூட்டை பிரிப்பதிலிருந்து அவளே கூட இருக்கிறாள். கேட்பவன் நசீர். என் பக்கத்தில் நின்றுதான் கேட்கிறான், நான் விளக்கில் பார்க்கிறேன். பருவை அவன் கேட்பதற்கு முன்னால் நான் காட்டிவிடுகிறேன். தனஞ்செயன் இந்தப் பக்கமே வருவதில்லை.

உறை மட்டும் பழையதுதான், மறுபடி அச்சடிக்க நாளில்லை. என் பெயர்மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றாள் கல்பகா. வேண்டாம் என்றேன். கறுப்பு மார்க்கர் வாங்கி வந்து, ஐந்நூறு உறையிலும் என் பெயரை நானே அடித்தேன். ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்துகொள்ள நான் என்ன திருடியா? அடித்தது தெரியட்டும். இருநூறாவதில் கல்பகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கைதான் வலித்தது.

ஆகஸ்ட் 2, சனி

கருவி வாங்கியாயிற்று. காதுக்குப் பின்னால் மறைகிற தோல் நிறத்தில் காட்டினார்கள். சிவப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

குக்கர் விசிலா அது? என்ன கண்றாவியாக அலறுகிறது!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துளைபோடாமல் வாங்கி வந்த கழிவுத் தட்டை இன்று எடுத்தேன். முதலில் விளக்கில் சாய்த்து, முதல் பக்கத்தில் எத்தனை பரு என்று எண்ணித் தாளில் எழுதி மடித்து வைத்தேன். கருவியைக் கழற்றினேன். சேவியரை உட்காரவைத்து, சொடக்கு கேட்கிற ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விரல் மடக்கச் சொன்னேன்.

தட்டு முடியும்வரை ஆடாமல் கேட்டார். இரண்டு கை விரலும் தீர்ந்து, மறுபடி ஒரு விரல் மடங்கியது.

"பதினொண்ணு" என்றார், பெருமையாக.

தாளைப் பிரித்துக் காட்டினேன். பதிமூன்று.

மறுபடி போடச் சொன்னார். போட்டேன். பதினொன்றுதான். மீதி இரண்டும் எங்கே என்று தட்டில் தொட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

நாளைக்கு அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.